லூர்துசெல்வி கையெழுத்துப் போடவில்லை

லூர்துசெல்வி அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. எங்கள் கல்லூரியில் அவருக்கு லேப் அட்டெண்டர் என்று பதவி. கண்ணாடிச் சாமான் கழுவ, தரை துடைக்க, யாராவது விருந்தாளி வந்தால் டீ வாங்கி வர என்று எடுத்த ஆள். ஒன்பது வருடமாக அவர் அங்கே செய்துகொண்டிருந்ததோ வேறு வேலை. அதை எழுத வேண்டுமென்று எனக்கு வெகு நாளாக எண்ணம். தள்ளிப் போட்டதற்குக் காரணம், இந்தக் கதையில் நான் நல்லவளாகத் தெரியமாட்டேன் என்பதுதான். தெரியாவிட்டால் போகட்டும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பைபாஸை ஒட்டி இருக்கிற பொறியியல் கல்லூரி எங்களுடையது. நான் வளவனூர்க்காரி, பெயர் சங்கவி. அங்கே ஆராய்ச்சி மாணவி. தீக்காயத்திலும் சர்க்கரைப் புண்ணிலும் தோல் போன இடத்தில் புதிதாகத் தோல் வளர வைப்பது எப்படி என்பது என் ஆராய்ச்சி. செல்களை மட்டும் எடுத்துக் காயத்தின் மேல் ஊற்றினால் நிற்காது, வழிந்துவிடும். அவை பிடித்துக்கொண்டு ஏற ஒரு சாரம் வேண்டும். அந்தச் சாரத்தை நாங்கள் மீன் தோலிலிருந்து செய்கிறோம். திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கள் கழித்துப் போடும் தோலை அக்காதான் ஐஸ் போட்டுப் பஸ்ஸில் கொண்டு வருவார். நாற்றத்துக்காகக் கண்டக்டரோடு வாரம் ஒரு சண்டை நடக்கும். அந்தத் தோலைச் சுத்தம் செய்து, கரைத்து, உறைய வைத்து, ஈரத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளைப் பஞ்சு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் நிறைந்த பஞ்சு.

அந்தப் பொத்தல்களில் மனிதத் தோல் செல்களை விட்டு, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தால் செல்கள் உள்ளே நுழைந்து பெருகும். தங்களுக்கு வேண்டிய நாரைத் தாங்களே பின்னிக்கொள்ளும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். இங்கே அந்த வேலையும் இல்லை. மீன் தோல் பஞ்சு தானாகக் கரைந்துபோகும், செல்கள் கட்டியது மட்டும் மிஞ்சும். ஒரு தடவை வளர ஆறு வாரம் ஆகும். ஆறு வாரமும் இன்குபேட்டர் என்கிற பெட்டிக்குள் சூடு முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும், சிலிண்டரிலிருந்து கரியமில கேஸ் அளவாக வர வேண்டும், ரெண்டு நாளுக்கு ஒரு தடவை சத்து நீரை மாற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல், ஈஸ்டர் எதுவும் செல்லுக்குத் தெரியாது.

இந்த வேலையை அக்காவுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆராய்ச்சி மாணவர் தங்கை கல்யாணம் என்று நாலு நாள் வராமல் போனபோது, கழுவப் போன அக்கா, அவர் செய்ததைப் பார்த்திருந்தபடியே கையை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு சத்து நீரை மாற்றியிருக்கிறார். திரும்பி வந்தவர், தான் பார்த்துக்கொண்டதைவிட செல் நன்றாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து செல் வளர்க்கும் அறை அக்காவுடையது. துறைத் தலைவர் கோகுலகிருஷ்ணன் சாருக்கும் இது தெரியும். அட்டெண்டர் சம்பளத்தில் ஆராய்ச்சியாளர் வேலை நடந்தால் யார்தான் கேள்வி கேட்பார்கள்?

அக்கா ப்ளஸ் டூவில் வேதியியலில் ஆறு மார்க்கில் ஃபெயில். இருபது வயதில் டிராக்டர் ஓட்டும் சூசைமுத்துவைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு திண்டிவனம் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் ஏழு வருடம். ஒரே நேரத்தில் பத்தாயிரம் முட்டையைப் பெட்டிக்குள் அடுக்கி இருபத்தொரு நாள் காவல் காக்கிற வேலை. பண்ணை மூடிய பிறகு எங்கள் கல்லூரி. வந்த முதல் வாரம் எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "எம் பேரு லூர்துசெல்வி. ஆயான்னு கூப்ட்டா திரும்ப மாட்டேன்" என்று சொல்லி, நிஜமாகவே திரும்பவில்லையாம். ரெண்டு நாளில் எல்லோருக்கும் பெயர் மனப்பாடமாகிவிட்டது.

போன வருடம் கல்லூரி நிர்வாகி வீட்டு அம்மா லேப்பைச் சுற்றிப் பார்க்க வந்தார். தலை கொள்ளாத மல்லிகைப்பூ. அக்கா செல் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "பூவை எடுத்து வெச்சிட்டு வாங்கம்மா. அதுல இருக்கிற பூஞ்சை உள்ள வந்துச்சுன்னா எங்க பாடு பேஜாரு." கோகுலகிருஷ்ணன் சார் பதறிப்போய், பரவாயில்லை மேடம், நீங்க வாங்க என்றார். அக்கா நகரவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பூவை எடுத்து சார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடம் சார் ஒரு முழம் மல்லிகையை ஏந்திக்கொண்டு நின்றார். அன்றைக்கு அக்காவைப் பார்த்த பார்வையை அவர் அப்புறம் மாற்றிக்கொள்ளவே இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன ஆயுதபூஜைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. பெட்டிக்குள் பன்னிரண்டு பஞ்சு, நாலு வாரம் வளர்ந்திருந்தது. அந்த மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, ஆராய்ச்சியைத் தொடரலாமா வேண்டாமா என்று சொல்வதாக ஏற்பாடு. அக்கா மத்தியானம் சத்து நீரை மாற்றிவிட்டு, புதன் லீவு, வியாழன் காலை வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ரெண்டு மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குப் பூஜை. எலெக்ட்ரீஷியன் வல்லரசு ஒவ்வொரு மெஷினாகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்தான். இன்குபேட்டருக்கும் மூன்று பொட்டு. கற்பூரம் காட்டி முடித்ததும் கோகுலகிருஷ்ணன் சார் சொன்னார்: "பூஜை போட்ட ஆயுதத்தை ஓட விடக்கூடாது வல்லரசு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ரெஸ்ட் குடு." ஒரு பல்பு மாட்டுவதற்கே ரெண்டு தரம் கேட்கிற வல்லரசு அன்றைக்கும் கேட்டான். "எல்லாத்தையுமா சார்?" "ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாத்தையும்." நான் பொரி கடலைத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பொரியில் வெல்லம் கம்மி என்று நினைத்தது எனக்கு நினைவிருக்கிறது. பெட்டிக்குள் என் ஆராய்ச்சி இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் பூஜை போட்ட டிராக்டரை மறுநாள் வரைக்கும் யாரும் கிளப்ப மாட்டார்கள். அந்தப் பழக்கம் அப்படி ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்தார். "சங்கவி, பெட்டி ஆஃப்ல கெடக்குது" என்று மட்டும் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை ஓட விட்டு, சத்து நீரில் கால் பங்கை மாற்றி முடித்திருந்தார். அதற்கு முன்னால் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்க வேண்டிய நீர் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. நாற்பது மணி நேரம் சூடு இல்லை, கேஸ் இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதாவது நடந்ததைச் சொல்லியிருக்கலாம். யார் ஆஃப் பண்ணது என்று அக்கா கேட்டார். தெரியலக்கா என்றேன்.

வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். கோகுலகிருஷ்ணன் சார், ரெண்டு உதவிப் பேராசிரியர்கள், வல்லரசு, அக்கா, நான். சார் ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு கடிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான். கையெழுத்துப் போடுங்க. வேலையெல்லாம் போகாது, ஹாஸ்டல் கிச்சன் பக்கம் மாத்திடறோம். சம்பளம் அதேதான்."

அக்கா கடிதத்தை என்னிடம் கொடுத்தார். "தமிழ்ல படிம்மா."

படித்தேன். லூர்துசெல்வி ஆகிய நான் விடுமுறை நாளில் வராததாலும், உரிய நேரத்தில் சத்து நீர் மாற்றாததாலும், என் கவனக்குறைவால் செல்கள் இறந்தன என்று இருந்தது. 

அக்கா போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "நான் தண்ணி மாத்தாம உட்டுருந்தா இது மஞ்சளா ஆயிருக்கும். கேஸ் இல்லாம கெடந்தாதான் இந்தக் கலரு வரும். பெட்டிய யாரோ நிறுத்திக்கிறாங்க."

"கலரைப் பத்தி நீங்க எனக்குப் பாடம் எடுக்க வேணாம். கரண்ட் போயிருக்கும்."

"கரண்ட் போயிருந்தா ஃப்ரிட்ஜுல ஐஸ் உருகி இருக்கணும் சார். நேத்து நான் வந்தப்ப கல்லு மாதிரி இருந்துச்சு."

சார் ஒரு கணம் மேஜையைப் பார்த்தார். பிறகு வல்லரசுவைப் பார்த்தார். "அப்போ வல்லரசுதான். அவன்தானே ஸ்விட்ச்சைத் தொட்டான். பேரை மாத்தி டைப் பண்ணிடலாம், அவன் போடட்டும்." வல்லரசு கான்ட்ராக்ட் ஆள். பேனாவுக்குக் கை நீட்டினான். அக்கா அவனுக்கு முன்னால் பேனாவை எடுத்து மூடி போட்டுத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இவன் எதுக்குப் போடணும்? இவனா நிறுத்தி இருக்க மாட்டான். யாரு சொல்லி நிறுத்துனான்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. வல்லரசு தரையைப் பார்த்தான். நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வழிகாட்டி கோகுலகிருஷ்ணன் சார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் என் நாலு வருடம் குப்பை. அதனால் வாயைத் திறக்கவில்லை. இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

சார் எழுந்துவிட்டார். "எல்லாம் செத்துப் போச்சு. பிளீச்சிங் ஊத்திக் கொட்டிடுங்க. திங்கட்கிழமையிலிருந்து ஹாஸ்டல்."

"கொட்ட மாட்டேன்" என்றார் அக்கா.

வாசல் வரை போன சார் திரும்பி நின்றார்.

"பண்ணையில கரண்ட் போன முட்டைய யாரும் உடனே எடுத்துக் கொட்ட மாட்டாங்க சார். லைட்டு அடிச்சு உள்ள உசுரு இருக்குதான்னு பாத்துட்டுதான் கொட்டுவாங்க. ஒரு நாள் ஜில்லுன்னு கெடந்த முட்டையில குஞ்சு வந்துக்குது, நானே கையில எடுத்துக்கிறேன். பதினஞ்சு நாள் குடுங்க. செத்து இருந்துச்சுன்னா உங்க லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு நானே ஹாஸ்டலுக்குப் போறேன். உசுரோட இருந்துச்சுன்னா அந்த ரூம விட்டு நான் போவ மாட்டேன்."

சார் சம்மதித்தார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. குழு வருவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது, புதிதாக வளர்க்க ஆறு வாரம் வேண்டும், காட்டுவதற்கு அவரிடம் வேறு எதுவும் கிடையாது.

அந்தப் பதினைந்து நாளும் அக்கா ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்தார். வீட்டில் சூசைமுத்து அண்ணன் சண்டை போட்டிருக்கிறார். கையெழுத்தைப் போட்டுத் தொலை, கிச்சனில் சாப்பாடும் கிடைக்கும், சம்பளமும் குறையாது, உனக்கு எதுக்கு வீம்பு என்று. அக்கா இதை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்.

"நீங்க இன்னா சொன்னீங்கக்கா?"

"சோறு எங்கவேணா கெடைக்கும்னேன். அந்த ரூம்லதான் நான் ஆளு, வெளிய வந்தா பக்கெட் தூக்கறவன்னேன். அதுக்கு அப்புறம் அவரு பேசல."

முட்டையை ஒரேயடியாகச் சூடாக்கக் கூடாதாம். அதே மாதிரி சத்து நீரையும் அவர் மொத்தமாக மாற்றவில்லை. தினமும் கால் பங்கு எடுத்துக் கால் பங்கு ஊற்றினார். நாலாம் நாள் ஐந்து பஞ்சுகளைத் தானே எடுத்து, இதுல ஒண்ணும் இல்ல என்று பிளீச்சிங்கில் போட்டார். ஏழாம் நாள் இன்னும் மூன்று போயின. நான் உதவிக்குப் போனால், நீ போய் உன் தீசிஸ எழுது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வல்லரசு மட்டும் சாயங்காலம் வந்து பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவான்.

பதினைந்தாம் நாள் சோதனை. மிச்சமிருந்த நாலு பஞ்சிலும் ஒரு ஓரத்தைக் கிள்ளி எடுத்துச் சாயம் போட வேண்டும். உயிர் இருந்தால் பச்சையாக ஒளிரும், செத்திருந்தால் சிவப்பு. சாயம் போட்டது நான். இருட்டு அறையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். பச்சை. பொத்தலுக்குப் பொத்தல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பச்சைப் பசேலென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலையும் பார்த்தேன், நாலும் பச்சை. ஏன் பிழைத்தன என்பது பிறகுதான் புரிந்தது. வல்லரசு ஏசியையும் சேர்த்து நிறுத்தியிருந்தான். மூடிக் கிடந்த அறை முப்பத்திரண்டு டிகிரிக்கு வெந்திருக்கிறது. எங்கள் ஊர் வெயிலை யாரும் நல்லபடியாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"எத்தினி?" என்று கேட்டார் அக்கா.

"நாலுக்கா. நாலும்."

"எட்டு போச்சு" என்றார். அவர் பார்வை பிளீச்சிங் வாளிப் பக்கம் போனது.

மறுபடி அதே கூட்ட அறை, அதே ஆட்கள். படங்களைப் பார்த்த கோகுலகிருஷ்ணன் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வெரி குட். குழுவுக்கு நாலு போதும். பெட்டி நின்ன விஷயத்தை யாரும் பேச வேணாம். அந்த லெட்டரையும் மறந்துடலாம், நீங்க ரூம்லயே இருங்க லூர்துசெல்வி."

எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"நான் மறக்கல சார். இத்தினி பேரு முன்னாடி நான் வேலைக்கு வரல, நான் சாவடிச்சேன்னு படிச்சாங்க. இல்லன்னு இதே ஆளுங்க முன்னாடி சொல்லணும். யாரு நிறுத்தச் சொன்னதுன்னும் சொல்லணும்."

"அதான் முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கினு?"

அந்த இடத்தில்தான் எனக்கு வாய் வந்தது. முன்கூட்டி யோசித்து வைத்த தைரியமெல்லாம் இல்லை. எட்டு போச்சு என்று சொன்னபோது அக்கா முகம் இருந்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

"நீங்கதான் சார் சொன்னீங்க. பூஜை போட்டதை ஓட விடக்கூடாதுன்னு. எல்லாத்தையுமான்னு வல்லரசு கேட்டான். ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாத்தையும்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

வல்லரசு தலையை நிமிர்த்தி, ஆமாம் சார் என்றான். அக்கா என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லும் முகம் இல்லை அது.

"இதச் சொல்றதுக்கு உனக்குப் பதினஞ்சு நாள் ஆச்சா சங்கவி?"

  அக்கா அதற்கு மேல் என்னை விட்டுவிட்டு சாரைப் பார்த்து உட்கார்ந்தார். ரெண்டு கையும் மேஜை மேல் இருந்தது. ஸ்பிரிட் பட்டுப் பட்டுத் தோலுரிந்த விரல்கள். உதவிப் பேராசிரியர்கள் ரெண்டு பேரும் சாரைப் பார்த்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், தொண்டையைச் செருமினார். பிறகு மேஜைக்குச் சொல்வது போல, ஆஃப் பண்ணச் சொன்னது நான்தான், லூர்துசெல்வி மேல் தப்பில்லை என்று முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றார் அக்கா.

சார் நிமிர்ந்து, இன்னொரு தடவை சொன்னார்.